பன்னிரண்டாவது பிளேடு

ஸ்ரீராமபுரத்தில் கேட்பார்கள்
என்ன படிக்கிறாய் என்று.
குற்றவியல் என்றால்
போலீஸா என்பார்கள்.
இல்லை, ஜெயில் வேலைக்கு என்றால்
அதுக்கு எதுக்குப் படிப்பு என்று சிரித்துவிட்டு
தலையைக் கொடுப்பார்கள் அப்பாவிடம்.

இரண்டாம் பருவத்தில்
மண்டைகளை அளந்த இத்தாலிய மருத்துவர் ஒருவர் வந்தார்.
தாடை பெருத்து, காது விரிந்திருந்தால்
பிறவிக் குற்றவாளி.
பதினைந்து மதிப்பெண் கேள்வி.
அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.
ஈரத் துண்டை உதறிக்கொண்டே கேட்டார்:
'அந்தாளு கடை எந்த ஊர்ல?'

மீள்குற்றம், நன்னடத்தை, பரோல், திறந்தவெளிச் சிறை.
டென்சிலும் நானும்
மெட்ரோ படிக்கட்டில் உட்கார்ந்து உருப்போட்டோம்.
சீர்திருத்தம்: வரையறு.
எங்கள் கடையின் கன்னடப் பலகைக்கு அடியில்
பெயிண்ட் உதிர்ந்த சின்னத் தமிழில்
அந்தச் சொல்லின் பாதி இருக்கிறது,
முடிக்குப் பின்னால்.

பரப்பன அக்ரஹாரம். மூன்று வாரப் பயிற்சி.
உள்ளே போகும்போது பையைக் கொட்டினார்கள்,
பேனாவைக் கழற்றிக் குழலுக்குள் பார்த்தார்கள்.
நாற்பது கேள்விப் படிவத்தோடு
புங்கமரத்தடிக்குப் போனேன்.
ஹனுமந்தராயப்பா.
தும்கூர்ப் பக்கம், ஆயுள், பதினோராவது வருடம்.
வெள்ளைச் சட்டையெல்லாம் ஊரான் முடி ஒட்டியிருக்க
வரிசையாக வெட்டிக்கொண்டிருந்தார்.
காலையில் கையெழுத்துப் போட்டு வாங்குவது
பன்னிரண்டு அரை பிளேடு.
மாலையில் எண்ணிக் கொடுப்பதும் பன்னிரண்டு.

கேள்வி ஒன்பது:
விடுதலையானால் என்ன செய்வீர்கள்?
'கூத்கொள்ளி' என்று ஸ்டூலைத் தட்டினார்.
கூடாது என்று விதிமுறையில் இருக்கிறது.
உட்கார்ந்தேன்.
பிடரியில் அவர் கட்டைவிரல் பட்டதும்
கண் தானாக மூடிக்கொண்டது.
எங்கள் கடை நாற்காலியில்
எல்லாத் தலையும் செய்வது அதைத்தான்.
நான் மட்டும் செய்யமாட்டேன் என்று
எதை வைத்து நினைத்தேனோ.

வலது கிருதா முடிந்தது.
இடதுக்கு வருமுன் மணி அடித்தார்கள்.
கணக்கெடுப்பு.
வெளியே வரும்போது என் பையை
யாரும் திறக்கவில்லை.

சில்க் போர்டு நெரிசலில் பஸ் நின்றபோது
நான்தான் திறந்தேன்.
எட்டாம் கேள்விக்கும் ஒன்பதாம் கேள்விக்கும் நடுவே
ஈர முடியோடு ஒட்டிக் கிடந்தது
ஓர் அரை பிளேடு.

இறங்கி ஓடினேன் என்று எழுத ஆசை.
உட்கார்ந்தேதான் இருந்தேன்.
சான்றிதழை நினைத்தேன், நாகரத்னா மேடத்தை நினைத்தேன்,
ஜன்னல் வழியாகச் சாக்கடையில் விட
இரண்டு விரலில் எடுத்தும்விட்டேன்.
மடிவாளாவில் இறங்கினேன்.

திரும்பிப் போனபோது விளக்கு போட்டிருந்தார்கள்.
ஒரு பிளாக் முழுக்க மைதானத்தில் குந்தியிருந்தது,
கைகள் தலைமேல்.
அவர் மட்டும் தனியாக, நின்றபடி,
சட்டை இல்லாமல்.
பிளேடை மேசையில் வைத்தேன்.
அதிகாரி என் முகத்தைப் பார்க்கவில்லை.
பதிவேட்டை இழுத்து
11-இன் கடைசி ஒன்றை வளைத்து
இரண்டாகத் திருத்தினார்.
'இது உன் ரிப்போர்ட்டில் வராது, இல்லையா?'

ராத்திரி அப்பா என் தாடையைப் பிடித்து
டியூப்லைட் பக்கம் திருப்பினார்.
வலது கிருதாவை விரலால் ஓட்டிப் பார்த்தார்.
'நல்ல கை. யாரு?'
இடது பக்கம் திருப்பினார்.
'பாதியில எதுக்குடா விட்டான்?'
கத்தரியை எடுத்தார்.
இருக்கட்டும்ப்பா என்றேன்.

மறுநாள் புங்கமரத்தடியில் வேறு ஆள்.
கையில் மெஷின்.

ரிப்போர்ட்டில் வரவில்லை.
ஒன்பதாம் கேள்விக்கு எதிரே
பதிலளிக்கவில்லை என்று எழுதினேன்.
எண்பத்தாறு போட்டார்கள்.